நிண்டாத்தான் குலுக்குது

பழைய மொறிஸ் மைனரோ ஒஸ்ரின் ஏ40ஓ வைத்திருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குள் இந்த முறைப்பாடு வந்துவிடும்: "ஓடேக்க ஒரு குறையுமில்லை. நிண்டாத்தான் குலுக்குது." கொக்குவிலில் புகையிரதக் கடவை மூடியிருக்கும்போது ஸ்ரியறிங் உதறும், கதவுக் கண்ணாடி கிலுகிலுக்கும், பின்னால் சைலன்சர் விட்டு விட்டு இடிக்கும். கடவை திறந்து அக்சிலேற்றரை மிதித்ததும் எல்லாம் அடங்கிவிடும். மறுநாள் கராஜுக்குக் கொண்டுபோனால் முதலில் நாலு பிளக்கும் மாறும். பிறகு கொயில் மாறும். பிறகு காபரேற்றரைக் கழற்றிக் கழுவுவார்கள். இவ்வளவுக்கும் காசு கொடுத்து வெளியே வந்தால், அடுத்த கடவையில் அதே குலுக்கம்.

இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சாமான் வாங்காமலே பழுதைக் கண்டுபிடிப்பதுதான் யாழ்ப்பாணத்துக் கராஜ்களின் கெட்டித்தனம். வாங்குவதற்குச் சாமானே இல்லாத காலத்தில் படித்த வித்தை அது.

ஏன் நிற்கும்போது மட்டும் குலுக்குகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நாலு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்துக்கு 600 சுற்று என்று மெதுவாக ஓடும்போது ஒவ்வொரு சிலிண்டரும் செக்கனுக்கு ஐந்து தடவை வெடிக்கும். நாலும் சேர்ந்தால் இருபது. அதில் ஒன்று வெடிக்காமல் விட்டால் செக்கனுக்கு ஐந்து இடைவெளி விழும். காதுக்கும் கேட்கும், இருக்கைக்கும் தெரியும். அதே எஞ்சின் 3000 சுற்றில் ஓடினால் செக்கனுக்கு நூறு வெடிப்பு. எஞ்சினோடு சுழலும் பாரமான பறப்புச்சில்லு (ஃப்ளைவீல்) அந்தக் குறையை விழுங்கிவிடும். அதோடு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது தன்னைத் தானே சுற்றிக்கொள்ளும் அளவுக்குத்தான் சக்தியை உண்டாக்குகிறது. உள்ளே போகும் காற்றும் கொஞ்சம், எரிபொருளும் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தில் ஒரு சிறு ஒழுக்கு இருந்தாலும் அது பெரிய பங்காகிவிடுகிறது. ஆகவே கார் நிற்கும் நேரம்தான் அதைச் சோதிக்கத் தோதான நேரம்.

முதற்சோதனைக்கு ஒரு கருவியும் வேண்டாம். காருக்குப் பின்னால் குந்தி, சைலன்சர் வாயிலிருந்து அரை முழம் தள்ளி உள்ளங்கையைப் பிடியுங்கள். புகை சீராக வந்து கையில் தட்டுகிறது, ஆனாலும் கார் குலுங்குகிறது என்றால் எஞ்சினில் பிழையில்லை. எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் றப்பர் இறுகியிருக்கும், அல்லது வெடித்திருக்கும். இந்த றப்பரைப் பார்க்காமல் காபரேற்றரைப் பிரித்த கதைகள் ஊரில் நிறைய உண்டு. தட்டல் சீராக இல்லை என்றால் அது எப்படி விடுகிறது என்று கவனியுங்கள். தவிலில் ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் அதே இடத்து அடி விழாமல் போவதைப் போல ஒழுங்காக ஒன்று தவறினால், பழுது ஒரே ஒரு சிலிண்டரில். நேரங்காலம் இல்லாமல் அங்கொன்று இங்கொன்றாகத் தவறினால், நாலுக்கும் பொதுவான ஏதோ ஒன்றில்: பொயின்ற், கொண்டென்சர், எரிபொருள், அல்லது காற்று ஒழுக்கு. பாதி வேலை இங்கேயே முடிந்தது.

ஒரு சிலிண்டர்தான் என்றால் எது என்று பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, றப்பர் பிடி போட்ட குறட்டால் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்ட வேண்டும். நல்ல சிலிண்டரின் வயரைக் கழற்றினால் எஞ்சின் இன்னும் தளரும். எதைக் கழற்றினால் மாற்றம் இல்லையோ அதுதான் செத்த சிலிண்டர். (பொயின்ற் வைத்த பழைய கார்களுக்கு மட்டும் இது. கணினி வைத்த இன்றைய கார்களில் இப்படிச் செய்தால் இலத்திரனியல் பகுதிகள் எரிந்துபோகலாம்.) பிறகு அந்தப் பிளக்கையும் பக்கத்துப் பிளக்கையும் இடம் மாற்றிப் போடுங்கள். பழுது பிளக்கோடு கூடப் போனால் பிளக்கை மாற்றுங்கள். போகாவிட்டால் வயரை இடம் மாற்றுங்கள். இதுவரைக்கும் ஒரு ரூபாயும் செலவில்லை.

கழற்றிய பிளக்கின் நுனியையும் பார்க்காமல் விடாதீர்கள். வெளிர் பழுப்பு நிறமென்றால் நலம். உலர்ந்த கரி என்றால் எரிபொருள் அதிகம். எண்ணெய்ப் பசை என்றால் றிங்கோ வால்வு வழிகாட்டியோ தேய்ந்திருக்கிறது. வெளிறி வெள்ளையாக இருந்தால் எரிபொருள் போதாமல் சூடேறுகிறது.

பிளக்கும் வயரும் சரி, சிலிண்டர் மட்டும் வேலை செய்யவில்லை என்றால் அமுக்கத்தை அளக்க வேண்டும். அமுக்கம் குறைவாக இருந்தால் பிளக் துவாரத்தால் ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு மறுபடி அளப்பார்கள். அளவு கூடினால் றிங் தேய்வு. கூடாவிட்டால் வால்வு அல்லது ஹெட் காஸ்கெற். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டிலும் குறைந்திருந்தால் அவற்றுக்கு நடுவில் காஸ்கெற் எரிந்திருக்கும்.

இந்த வால்வுக் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி 2002 ஏப்ரலில் திறந்தது. நெடுநாள் வறட்சிக்குப் பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் தாராளமாக வரத் தொடங்கியது. அதே ஆண்டில்தான் இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது. ஈயத்தை நிறுத்தியது பிள்ளைகளின் உடல்நலத்துக்குச் செய்த பெரிய நன்மை. அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் 1950களின் ஒஸ்ரினும் மொறிசும் ஈயத்தை நம்பிச் செய்யப்பட்டவை. அவற்றின் வால்வு இருக்கைகள் மென்மையான வார்ப்பிரும்பு. எரிந்த ஈயம் அந்த இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து இரும்போடு இரும்பு ஒட்டாமல் காத்தது. படலம் போனதும் புகைபோக்கி வால்வு தன் இருக்கையைத் தானே அரைத்துக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இறங்க இறங்க, வால்வுத் தண்டுக்கும் அதைத் தள்ளும் கைக்கும் நடுவிலுள்ள ரப்பெற் இடைவெளி குறைந்து, கடைசியில் வால்வு முழுதாக மூடாமல் நின்று, அதன் விளிம்பு எரிகிறது. மொறிஸ் மைனர் 1000க்கு அந்த இடைவெளி குளிர்ந்த எஞ்சினில் 0.3 மில்லிமீற்றர். அது காணாமற்போவதற்கு மாதக் கணக்கு ஆகும். அதனால் யாரும் கவனிப்பதில்லை.

கோண்டாவில் பக்கம் வேப்பமரத்தடியில் கராஜ் வைத்திருந்த பெரியவர் ஒருவர், வால்வு மூடியில் பெரிய திருப்புளியின் நுனியை ஊன்றிப் பிடியைக் காதில் வைத்துக்கொண்டு சொல்வார்: "தம்பி, ரப்பெற் சத்தம் போட்டால் பயப்பிடாதேயும். போட்ட சத்தம் நிண்டு போச்சோ, அண்டைக்கே ஹெட்டைக் கழட்டும்." சத்தம் குறைந்தால் எஞ்சின் நல்லாகிவிட்டது என்று மகிழ்வது மனித இயல்பு. ஆனால் அவர் சொன்னதுதான் சரி. இடைவெளி இருக்கும் வரைதான் ரப்பெற் கிடுகிடுக்கும்.

இனிப் பொதுவான பழுதுகள். அவற்றில் அதிகம் ஏமாற்றுவது காற்று ஒழுக்கு. மனிஃபோல்ட் காஸ்கெற் விலகியிருக்கும், அல்லது காபரேற்றரின் த்ரொற்றில் தண்டு தேய்ந்து பக்கத்தால் காற்று போகும். ஓடும்போது தெரியாது, நிற்கும்போது எஞ்சின் மூச்சுத் திணறும். சந்தேகப்படும் மூட்டில் இரண்டு துளி எஞ்சின் எண்ணெய் விட்டால் ஒழுக்கு கொஞ்ச நேரம் அடைபடும், எஞ்சினின் குரல் மாறும். மொறிஸ் மைனரின் எஸ்.யூ. காபரேற்றரில் பிஸ்ரனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாக உயர்த்திப் பார்க்க அடியில் ஒரு சிறு ஊசியே வைத்திருக்கிறார்கள். உயர்த்தியதும் வேகம் கூடி அப்படியே நின்றால் எரிபொருள் அதிகம். நின்றுபோகப் பார்த்தால் குறைவு. ஒரு கணம் கூடி இறங்கினால் சரி. இவ்வளவு எளிய சோதனையைச் செய்யாமல் ஸ்குறூவைத் திருகுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏ40இன் செனித் காபரேற்றரில் மெதுவோட்டத்துக்கென்று தனி ஜெற் உண்டு. அதில் ஒரு தூசி அடைத்தால் போதும்: வீதியில் பறக்கும், சந்தியில் நின்றுவிடும்.

இந்த நுணுக்கமெல்லாம் புத்தகத்தில் இருப்பவைதான். ஆனால் இங்கே இவற்றைக் கற்றுக்கொடுத்தது மண்ணெண்ணெய்.

1990 யூனில் போர் மறுபடி மூண்டதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. மின்சாரம் நின்றது. பற்றரி வரவில்லை, சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்டோம். பெற்றோல் தங்கத்தின் விலைக்குப் போனது. அப்போது ஊர் முழுக்கக் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் அறை வெப்பத்திலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 பாகைக்கு மேலேதான் கொதிக்கத் தொடங்கும். ஆகவே குளிர்ந்த எஞ்சின் அதைப் பற்றவைக்காது. சிறு போத்தலில் பொத்திப் பொத்தி வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு எஞ்சினை எழுப்பி, சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க் குழாயைத் திறந்தார்கள். மண்ணெண்ணெயின் ஒக்ரேன் அளவு பெற்றோலின் பாதியையும் தொடாது. பாரம் ஏறினால் உள்ளே டொக் டொக் என்று தட்டும். அதற்காக டிஸ்ரிபியூட்டரைச் சற்றே திருப்பித் தீப்பொறியைப் பிந்த வைக்க வேண்டும். இதற்கு ஈடுகொடுத்தவை பழைய ஆங்கிலக் கார்கள். அவற்றில் பலவற்றின் அமுக்க விகிதம் ஏழுக்கு ஒன்று என்ற அளவில்தான் இருந்தது. மேலும், உள்ளே போகும் குழாயும் புகைபோக்கிக் குழாயும் ஒரே பக்கத்தில் ஒட்டியிருப்பதால் புகையின் சூடு மண்ணெண்ணெயை ஆவியாக்க உதவியது. இங்கிலாந்தில் இது புதிதில்லை. பெர்குசன் ரி.இ.20 உழவு இயந்திரத்தில் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெய் வகை எரிபொருளுக்கு மாற்றி ஓட்டும் ரகம் ஒன்று 1949 முதலே இருந்தது. அதைத் தொழிற்சாலை செய்து கொடுத்தது. நமக்கு மரநிழலில் செய்து தந்தார்கள்.

அந்த எஞ்சின்களுக்கு எமன் மெதுவோட்டம். நின்றால் சூடு இறங்கும். சூடு இறங்கினால் மண்ணெண்ணெய் ஆவியாகாமல் துளியாகவே உள்ளே போய்ப் பிளக்கை நனைக்கும். சுவரோடு வழிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும். டிப்ஸ்ரிக்கில் எண்ணெய் மட்டம் குறைவதற்குப் பதில் ஏறும். போரில் ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்ரோபர் 30 இரவை நினைத்துப் பாருங்கள். வலிகாமம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த அந்த மழை இரவில் சைக்கிள்களுக்கும் வண்டில்களுக்கும் நடுவே கார்களும் இருந்தன, வயோதிபர்களையும் நோயாளிகளையும் சுமந்துகொண்டு. அங்குலம் அங்குலமாக மணிக்கணக்கில். மண்ணெண்ணெயில் ஓடும் கார் தாங்கவே முடியாத ஓட்டம் அது. நின்றுபோன காரைத் தள்ளி ஓரமாக்க இடமில்லை. இருட்டில் பிளக்கைக் கழற்றிச் சாரத்தில் துடைத்துத் திரும்பப் பூட்டத் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் பல கார்கள் தென்மராட்சி சேர்ந்தன. அந்தத் திறமையை வெறும் ஒட்டுவேலை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்? 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் புதுக் காரின் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. 2022இல் பெற்றோல் வரிசையில் நாள்கணக்கில் நின்றவர்களுக்கு, சரியாக எரியாத ஒரு சிலிண்டர் எவ்வளவு பெற்றோலைப் புகையாக வெளியே தள்ளும் என்று சொல்லத் தேவையில்லை. பழைய கார்கள் இன்னும் பல ஆண்டு இந்த வீதிகளில் ஓடப்போகின்றன.

திருத்தத் தெரிந்தவர்கள்தான் குறைந்துகொண்டே போகிறார்கள். அந்தத் தலைமுறையில் பலர் ரொறன்ரோவிலும் லண்டனிலும். இங்கே இருப்பவர்கள் எழுபதைத் தாண்டியவர்கள். இளம் மெக்கானிக் பையன்கள் ஸ்கானரைக் குத்திப் பழுதை வாசிக்கப் பழகியவர்கள். அது அவர்கள் பிழையில்லை. ஏ40இல் ஸ்கானர் குத்த இடமில்லை. கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் வாகனத் தொழில்நுட்பம் கற்பிக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தொழில்நுட்பக் கல்லூரி இருக்கிறது. இந்தப் பெரியவர்களை அங்கே அழைத்து, ஓடும் எஞ்சின் ஒன்றை முன்னால் வைத்து, மாணவர்களின் கையைப் பிடித்துக் காட்டச் சொன்னால் என்ன?

அதற்குக் காத்திராமல் குடும்பங்களும் செய்யலாம். உங்கள் வீட்டில் அப்படி ஓர் அப்பாவோ மாமாவோ இருந்தால் ஒரு கொப்பியை எடுத்து உட்காருங்கள். மண்ணெண்ணெய்க்கு எந்தக் காரில் தீப்பொறியை எவ்வளவு பிந்த வைத்தார், பிளக் இடைவெளியை எவ்வளவு மாற்றினார், எந்த ஜெற்றைப் போட்டார், எத்தனை மைலுக்கு ஒருக்கால் எண்ணெய் மாற்றினார், காஸ்கெற் இல்லாதபோது எதை வெட்டிப் போட்டார் என்று கேட்டு எழுதுங்கள். காரின் பெயரையும் ஆண்டையும் மறக்காமல் குறியுங்கள். எழுதியதை இந்தப் பத்திக்கு அனுப்பினால் வரும் வாரங்களில் ஒவ்வொரு காராக வெளியிடுகிறேன்.