சில்லு சிக்கனமானால் மின்சாரம் மிச்சமாகுமா?

ஜொகூரில் தரவு மையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வருகின்றன. கூலாயில் ஒய்டிஎல் நிறுவனத்தின் தரவு மையப் பூங்காவுக்கு மட்டும் திட்டமிடப்பட்ட திறன் 500 மெகாவாட். கேமரன் மலைத் தண்ணீரைச் சுரங்கவழி கொண்டுபோய் மின்சாரம் எடுக்கும் ஜோர் நிலையத்தின் திறன் 100 மெகாவாட்தான். அப்படி ஐந்து நிலையங்கள் வேண்டும்.

ஏன் இவ்வளவு? செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பது என்பது கோடிக்கணக்கான எண்களைத் திரும்பத் திரும்பப் பெருக்கிக் கூட்டுவது. அந்தக் கணக்கைவிட, எண்களை நினைவகத்திலிருந்து எடுத்துவந்து திருப்பி வைக்கத்தான் அதிக மின்சாரம் செலவாகிறது. கொழுந்து பறிப்பதைவிட, அதைச் சுமந்துகொண்டு எடைபோடும் இடத்துக்கு மேட்டில் ஏறுவது உடம்பை வாட்டுவது போலத்தான்.

இதற்குப் பொறியாளர்கள் வழி கண்டிருக்கிறார்கள். நினைவகத்தைச் சில்லுக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். 32 பிட் எண்களை 16, 8 பிட் எனச் சுருக்கினார்கள். இதனால் அதே மின்சாரத்தில் பல மடங்கு வேலை நடக்கிறது.

ஆனால் மொத்தச் செலவு குறையவில்லை. என்விடியாவின் எச்100 சில்லு 700 வாட் இழுத்தது. அடுத்து வந்த பி200 சுமார் 1,000 வாட் இழுக்கிறது. அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் 2024இல் எக்ஸ்ஏஐ நிறுவனம் 100,000 எச்100 சில்லுகளை ஒரே இடத்தில் இயக்கியது. முழு வேகத்தில் ஓடினால் சில்லுகளுக்கு மட்டுமே 70 மெகாவாட், குளிரூட்டல் தனி. நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கும் இயந்திரம் வந்தால் நிலக்கரிச் செலவு கூடத்தான் செய்யும் என்று 1865இலேயே ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் எழுதினார். இன்று நடப்பதும் அதுதான்.

கூலாய் பூங்காவில் சூரிய மின்சாரமும் உண்டு. ஆனால் சில்லுகள் இரவிலும் ஓடும். தீபகற்பத்தின் மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் கிடைக்கிறது.

மின்சாரத்துக்கு என்ன விலை என்று மலைவாசிகளுக்குத் தெரியும். அரித்து வந்த மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தை நிரப்பியது. 2013 அக்டோபரில் அணை திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்கள் பலியாயின. மின்சாரம் ஊருக்குப் போனது; இழப்பு இங்கேயே தங்கியது.

ஆகவே, "எங்கள் சில்லு சிக்கனமானது" என்று ஒரு நிறுவனம் சொன்னால் அதோடு விட்டுவிடக் கூடாது. மொத்தம் எத்தனை மெகாவாட், எவ்வளவு தண்ணீர், புதிய மின்கம்பிக்கான செலவை யார் ஏற்பது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் வேண்டும். அனுமதி கொடுப்பதற்கு முன்பே அதை மக்கள் முன் வைக்கச் சொல்லி நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.