சக்கரம் போடும் சாட்சிக் கையெழுத்து

பிரான்சின் பர்கண்டியில், போன் நகரம் தாண்டியதும் தார்ச்சாலையை விட்டு இறங்கிவிட வேண்டும். இருபுறமும் திராட்சைக் கொடி வரிசைகள், தாழ்ந்த சுண்ணாம்புக்கல் சுவர்கள், நடுவே வெள்ளைச் சரளைத் தடம். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த தோட்டங்கள் இவை. வடமேற்கே போனால் மோர்வான் மலைக்காடு. பீச் மரநிழலில் ஈரச் சருகு. 40 மில்லிமீட்டர் டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்துவிட்டால், கல் கையை உலுக்காது. நறநறவென்ற ஓசை மட்டும் கூடவே வரும். சரளைத் தடங்களுக்கான கிராவல் சைக்கிளின் இந்த இன்பத்தை வண்டி மட்டும் தரவில்லை. ஊர் வழிகளும் தருகின்றன. பிரான்சில் கிராமப்புற வண்டித்தடங்கள் அந்தந்த ஊராட்சியின் சொத்து. மக்கள் போய்வருவதையே அது பொதுவழி என்பதற்கு ஆதாரமாகச் சட்டம் ஏற்கிறது. ஆள் போகாத தடத்தை முள் மூடும். பக்கத்து வயல் உழுது விழுங்கும். 2022-இல் வந்த சட்டம், ஊராட்சி தன் வழிகளைக் கணக்கெடுக்க முடிவு செய்தால், நீண்டகால அனுபோகத்தைக் காட்டிப் பிறர் அவற்றைச் சொந்தமாக்கிக்கொள்ளும் கெடுவை நிறுத்திவைக்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் எல்லா ஊராட்சிகளும் கணக்கெடுக்க வேண்டும்; சைக்கிள்காரர்களும் அதைக் கேட்க வேண்டும். கொடிக்கு இடையே புகாமல், அறுவடைக் காலத்தில் டிராக்டருக்கு ஒதுங்கி, வேட்டை நாளில் காட்டில் வைத்த எச்சரிக்கைப் பலகையை மதித்து ஓட்டுவது நம் கடமை. அப்படி ஓட்டும் ஒவ்வொரு சக்கரத் தடமும், இந்த வழி எல்லோருக்கும் உரியது என்று போடும் சாட்சிக் கையெழுத்து.