கெண்டைக்காலும் இரும்புத் தகடுகளும்



உங்கள் நண்பன் ஒருவனைக் குதிகாலை உயர்த்தி முன்பாதத்தில் நிற்கச் சொல்லுங்கள். அவனுடைய கெண்டைக்காலைத் தொட்டுப் பாருங்கள். சற்றுமுன் மெத்தென்று இருந்த சதை இப்போது கல்லைப்போல் இறுகியிருக்கும். நடப்பதும் ஓடுவதும் தாண்டுவதும் இந்தச் சதையின் தயவால்தான் நடக்கின்றன.

இதை எடைப் பயிற்சி இயந்திரத்தில் வலுப்படுத்தலாமா? இக்கேள்விக்கு இருவகை விடைகள் கிடைக்கும். "வளரும் வயதில் எடை தூக்கினால் உயரம் நின்றுவிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். "எத்தனை தகடு ஏற்றுகிறாயோ அத்தனை கால்" என்பார்கள் உடற்பயிற்சிக்கூடத்து அண்ணன்மார்கள். இரண்டு விடைகளும் தவறு என்பது என் கருத்து. ஏன் என்பதைப் பார்ப்போம்.

ஒரு கால், இரு தசைகள்

கெண்டைக்காலில் முக்கியமான தசைகள் இரண்டு. மேலே புடைத்துத் தெரிவது காஸ்ட்ராக்னீமியஸ். இது இரு தலைகளுடன் முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. அதற்கு அடியில் தட்டையாக இருப்பது சோலியஸ். இது முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்புகளில் தொடங்குகிறது. இரண்டும் ஒன்றுசேர்ந்து அக்கிலீஸ் தசைநாணாகிக் குதிகால் எலும்பில் முடிகின்றன.

சோலியஸில் பெரும்பாலானவை மெதுவாகச் சுருங்கி எளிதில் களைக்காத இழைகள். நாள் முழுவதும் நாம் நிற்பதற்கு உதவுவது அதுதான். அது சுருங்கும்போதெல்லாம் காலிலுள்ள சிரைகளை அழுத்தி இரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுகிறது. ஆகவே அதை இரண்டாவது இதயம் என்று சொல்வதும் உண்டு.

ஒரு சிறு கணக்கு

பௌதிக வகுப்பில் நெம்புகோலைப் படித்திருப்பீர்கள். உங்கள் எடை 50 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒற்றைக்காலில், முன்பாதத்தில் நிற்கிறீர்கள். முன்பாதத்திலிருந்து கணுக்கால் மூட்டு 12 செ.மீ. தொலைவிலும், மூட்டிலிருந்து தசைநாண் 5 செ.மீ. தொலைவிலும் இருப்பதாகக் கொள்வோம். கணுக்காலைச் சுழல்புள்ளியாகக் கொண்டால், 50-ஐ 12-ஆல் பெருக்கி 5-ஆல் வகுக்க வேண்டும். விடை 120. ஒரு கிலோ இரும்புகூட இல்லாமலே தசைநாண் 120 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்குகிறது! தோளில் 20 கிலோ ஏற்றினால் அது 168 ஆகிவிடும். தகட்டில் கூடுவது ஒரு கிலோ. தசைநாணில் கூடுவது 2.4 கிலோ. தகடுகளை அள்ளிப் போடுமுன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லதல்லவா?

நிற்பதா, அமர்வதா?

கெண்டைக்காலுக்கான இயந்திரங்கள் பொதுவாக இருவகை. ஒன்றில் தோள்மேல் பளுவைத் தாங்கி, முழங்காலை நேராக வைத்து நின்றபடி குதிகாலை உயர்த்துகிறோம். மற்றதில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தொடைமேல் பளுவைத் தாங்கி உயர்த்துகிறோம்.

இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் முழங்கால் மடங்கும்போது, அதற்கு மேலே தொடங்கும் காஸ்ட்ராக்னீமியஸ் முன்பே தளர்ந்து குறுகிவிடுகிறது. தளர்ந்த கயிற்றால் வண்டியை இழுக்க முடியுமா? ஆகவே வேலையின் பெரும்பகுதி சோலியஸ் மேல் விழுகிறது.

இதை ஜப்பானிய ஆய்வாளர்கள் சோதித்து 2023-இல் வெளியிட்டார்கள். 14 பேர் ஒரு காலுக்கு நின்ற நிலையிலும், மற்றக் காலுக்கு அமர்ந்த நிலையிலும் 12 வாரங்கள் பயிற்சி செய்தனர். நின்று பயின்ற காலில் காஸ்ட்ராக்னீமியஸின் இரு தலைகளும் 9 முதல் 12 விழுக்காடு வரை பருத்தன. அமர்ந்து பயின்ற காலில் அந்த வளர்ச்சி 2 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. சோலியஸ் இரண்டிலும் ஏறத்தாழ ஒரே அளவு, அதாவது 2 முதல் 3 விழுக்காடு வளர்ந்தது. தகட்டின் எண்ணிக்கையைவிட முழங்காலின் நிலை முக்கியம் என்பது தெரிகிறதல்லவா?

துள்ளினால் வேலை குறையும்

உடற்பயிற்சிக்கூடம் ஒன்றில் ஒரு மாணவனைப் பார்த்தேன். ஏராளமான தகடுகளை ஏற்றிக்கொண்டு மேலும் கீழுமாகத் துள்ளிக்கொண்டிருந்தான். குதிகால் இரண்டு விரற்கடைகூட உயரவில்லை. அக்கிலீஸ் தசைநாண் ஒரு சுருள்வில் போன்றது. வேகமாக இறங்கினால் ஆற்றலைச் சேமித்து, ஏறும்போது திருப்பித் தரும். கங்காரு தாவுவதற்கு இது பயன்படும். தசையை வளர்க்க உதவாது. குதிகாலை மெதுவாக இறக்கி, அடியில் ஓரிரு விநாடி நிறுத்தி, பிறகு முழு உயரத்துக்கு எழுப்பினால் பாதி பளுவிலேயே அந்தத் தம்பிக்கு நல்ல பயன் கிடைத்திருக்கும்.

இந்த இயந்திரங்களின் வரலாறும் இதையே சொல்கிறது. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் குஸ்டாவ் சாண்டர் 1865-இல் ஸ்டாக்ஹோமில் பயிற்சி இயந்திரங்களைக் கொண்ட நிலையம் ஒன்றைத் தொடங்கினார். மருந்தை அளந்து கொடுப்பதுபோல உழைப்பையும் அளந்து கொடுக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். இயந்திரத்தின் பெருமை அளவில் இருக்கிறது, பளுவில் இல்லை.

உயரம் நின்றுவிடுமா?

தகுந்த மேற்பார்வையில் முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்பதே குழந்தை மருத்துவர்களின் இன்றைய முடிவு. ஆனால் பெரியவர்களின் அச்சத்தில் ஒரு துளி உண்மையும் உண்டு. வளரும் வயதில் குதிகால் எலும்பின் பின்புறம் ஒரு வளர்தட்டு இருக்கிறது. தசைநாண் அதை அளவுக்கு மீறி இழுத்தால் வலி எடுக்கும். ஆகவே தூக்க முடிந்த உச்ச எடையைச் சோதித்துப் பார்க்கும் வயது உங்களுக்கு இன்னும் வரவில்லை. குதிகாலில் வலி கண்டால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

பளுவே வேண்டாம் என்று ஒதுங்கினால் என்ன ஆகும்? விண்வெளி வீரர்களைக் கேளுங்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஆறு மாதம் தங்கிய ஒன்பது பேரை ஆராய்ந்த முடிவுகள் 2009-இல் வெளியாயின. அங்கே உடற்பயிற்சி செய்தும், அவர்களுடைய கெண்டைக்கால் தசையின் கன அளவு 13 விழுக்காடு குறைந்திருந்தது. எடையற்ற அந்த இடத்தில் இரும்புத் தகட்டால் பயனில்லை. அதனால் வெற்றிட உருளைகளை இழுத்துப் பயிலும் இயந்திரம் ஒன்று 2008-இல் அங்கே அனுப்பப்பட்டது. பளுவைத் தேடி அவர்கள் இவ்வளவு பாடுபட, நாமோ அதை இலவசமாகப் பெற்றும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறோம்!

படிக்கட்டிலிருந்து தொடங்குங்கள்

என் யோசனை இதுதான். முதல் இயந்திரம் உங்கள் வீட்டுப் படிக்கட்டு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்பாதத்தைப் படியின் விளிம்பில் ஊன்றி, மூன்று எண்ணும்வரை ஏறுங்கள். மூன்று எண்ணும்வரை இறங்குங்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். இரு கால்களால் 15 முறை எளிதாக வந்தபின் ஒற்றைக்காலுக்கு மாறலாம். அதுவும் எளிதானபின் ஆசிரியரின் மேற்பார்வையில் இயந்திரத்துக்குச் செல்லலாம்.

5 முதல் 17 வயது வரையுள்ளோர் வாரத்தில் மூன்று நாளாவது தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி செய்ய வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் அறிவுறுத்தியது. ஆனால் தேர்வு நெருங்கினால் உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணக்குப் பாடம் விழுங்கிவிடுவதை நீங்கள் அறிவீர்கள். கணக்கு வேண்டியதுதான், மேலே நாமும் ஒரு கணக்குப் போட்டோமே! ஆனால் அந்தக் கணக்கின் விடையைத் தாங்கப்போவது உங்கள் கால். உடற்பயிற்சி வேளையைத் திருப்பித் தரும்படி உங்கள் ஆசிரியரைப் பணிவாகக் கேளுங்கள். கேட்பதற்கு முன், எழுந்து நின்று குதிகாலைப் பத்து முறை உயர்த்துங்கள்.