பொருளைத் தொலைத்த சொற்பட்டியல்

ஆங்கிலச் சொற்களை எழுத்து வாரியாக அடுக்கிய பட்டியலொன்றைப் பிள்ளைக்கு மனப்பாடம் செய்வித்துவிட்டால் அதுவே ஆங்கில அறிவு என்றொரு நம்பிக்கை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேரூன்றி வருகிறது. பெற்றோரின் பணத்தையும் பிள்ளைகளின் மாலைப் பொழுதையும் தின்னும் இந்த மயக்கத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லியாக வேண்டும்.

ஸ்கிரபிள் விளையாட்டை நான் பழிக்கவில்லை. கணக்கும் நினைவாற்றலும் தந்திரமும் ஒருங்கே வேண்டும் அருமையான விளையாட்டு அது. இலங்கைச் சிறுவர்கள் உலக இளையோர் போட்டிகளுக்குச் சென்று வருவது மகிழ்ச்சிக்குரியது. அதிலுள்ள 100 கட்டைகளில் 'கியூ' எழுத்துக்கு ஒரே ஒரு கட்டை. மதிப்பு 10 புள்ளி. அதற்குத் துணைநிற்கும் 'யூ' எழுத்துக்கு நான்கு கட்டைகள். அவை நான்கும் போய்விட்டால் 'கியூ' கைக்குள் சிக்கிய முள். ஆகவே 'யூ' இல்லாமல் 'கியூ' வரும் சொற்களை விளையாடுவோர் தனியே தொகுத்து மனனம் செய்கிறார்கள். விளையாட்டுக்கு அது தேவை.

வெள்ளவத்தை வகுப்பொன்றில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்ட அத்தகைய பட்டியலின் போட்டோ பிரதி ஒன்றைப் பார்த்தேன். சொற்கள் இருந்தன, ஒன்றுக்கேனும் பொருள் இல்லை. பொருள் தேவையில்லை, புள்ளி வந்தால் போதும் என்பது அங்கு சொல்லப்பட்ட விளக்கம். தலைப்பிலோ 'ஆங்கிலச் சொல்வளம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். எனது வழக்கு அந்தத் தலைப்போடுதான்.

அப்பட்டியலில் இருந்த சொற்களைப் பாருங்கள். 'காதி', 'தலாக்', 'ஃபக்கீர்', 'கனாத்'. ஏன் இவற்றில் 'யூ' இல்லை? இவை அரபு வழி வந்தவை. அடித்தொண்டையில் ஒலிக்கும் 'காஃப்' என்ற அரபு எழுத்தை ஆங்கிலத்தார் 'கியூ'வால் எழுதினார்கள். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் காதி நீதிமன்றங்கள் இயங்கும் நாடு இது. 'ஃபக்கீர்' நமது பேச்சில் 'பக்கிரி' ஆகி எத்தனையோ காலமாயிற்று. அடுத்த வீட்டுச் சொல்லைப் பத்துப் புள்ளிக் கட்டையாக மட்டும் அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலமும் வரவில்லை, அயலாரையும் தெரியவில்லை.

ஏழு கட்டைகளையும் ஒரே முறையில் இறக்கினால் 50 புள்ளி மேலதிகமாகக் கிடைக்கும். ஆங்கிலத்தில் ஏழெழுத்துச் சொல்லான 'செரூட்' அதற்கு வாகானது. அது நமது 'சுருட்டு'. யாழ்ப்பாணத்தார் தென்னிலங்கை எங்கும் கடை வைத்து விற்ற அதே சுருட்டு. 'வெட்டிவர்' என்பதும் ஏழெழுத்துத்தான். அது நமது வெட்டிவேர். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் அவர்கள் மிச்சம் பிடிக்கிறார்கள்.

எழுத்து வாரியாகச் சொற்களை அடுக்கி மனனம் செய்வது நமக்குப் புதிதன்று. மண்டல புருடரின் சூடாமணி நிகண்டு திண்ணைப் பள்ளிகளில் மனப்பாட நூலாக இருந்தது. ஆறுமுக நாவலர் அதனை அச்சேற்றியும் தந்தார். அதன் பதினோராம் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தின் ஒற்றுமைப்படி, வரிசைப்படுத்தப்பட்டுள்ளன. செய்யுள் இயற்றுவோனுக்கு எதுகை தேவை. கட்டை அடுக்குவோனுக்குக் 'கியூ' தேவை. இரண்டும் ஒரே வகைத் தேவைதான். ஆனால் நிகண்டுச் செய்யுளில் ஒவ்வொரு சொல்லும் தன் பொருள்களைக் கையோடு கொண்டுவரும். அதைக் 'கிளிப்பிள்ளைக் கல்வி' என்று எள்ளி ஒதுக்கிய நாம், பொருளும் இல்லாத ஆங்கிலப் பட்டியலைக் காசு கொடுத்து வாங்குகிறோம். இதில் எது கிளிப்பிள்ளைக் கல்வி?

சொல் தெரிந்தால் மொழி தானாக வந்துவிடும் என்போர் நைஜல் ரிச்சர்ட்ஸைக் கேட்டறியட்டும். நியூசிலாந்தில் பிறந்த அவர் ஆங்கில ஸ்கிரபிளில் ஐந்து முறை உலகச் சாம்பியன். பிரெஞ்சு பேசத் தெரியாத அவர் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனனம் செய்து 2015இல் பிரெஞ்சு ஸ்கிரபிள் உலகப் பட்டத்தை வென்றார். ஸ்பானிய மொழியில் 2024இல் அதையே செய்து காட்டினார். ஈடிணையற்ற சாதனை. ஆயினும் பாரிஸ் நகரில் அவரை ஒரு பிரெஞ்சுப் பத்திரிகைக்கு ஆசிரியராக எவரும் அமர்த்தமாட்டார்கள்.

சிங்கள மக்கள் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், என்று ஏளனமாகவும் அச்சத்தோடும் சொல்வதுண்டு. தொழிலையும் பதவியையும் தீர்மானிக்கும் அந்த வாள் தம் பிள்ளைக்கும் வேண்டுமென்றுதான் கொட்டாஞ்சேனைத் தாய் கடன்பட்டுக் கட்டணம் கட்டுகிறாள். அவள் கையில் கொடுக்கப்படுவது வெறும் உறை. நேர்முகத் தேர்வில் 'கியூ' சொற்களை எவரும் கேட்பதில்லை. பிழையற ஒரு பந்தி எழுதச் சொல்வார்கள்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை கொண்டுவரும் பட்டியலை வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே தமிழில் பொருளும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமும் எழுதித் தரும்படி வகுப்பு நடத்துபவரைக் கேளுங்கள். தருவாராயின் கட்டணத்தைக் கொடுங்கள். 'பொருள் தேவையில்லை' என்பாராயின் கட்டணமும் தேவையில்லை என்று சொல்லிவிட்டு, ஸ்கிரபிள் பலகை ஒன்றை வாங்கி வீட்டில் பிள்ளையோடு உட்கார்ந்து விளையாடுங்கள்; பக்கத்தில் ஓர் அகராதியும் இருக்கட்டும்.