செமாக்ளூடைடுக்கு மாத்திரை வந்தாச்சு, இன்சுலினுக்கு ஏன் இன்னும் வரவில்லை? 100 ஆண்டுகளாகத் தொடரும் ‘ஊசி வேண்டாம்’ ஆராய்ச்சி

“ஊசி வேண்டாம் டாக்டர், மாத்திரையிலேயே பார்த்துக்கலாமே…”

சர்க்கரை நோய் மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் கோரிக்கை இது. ஊசி என்றாலே பலருக்கும் ‘நோய் முத்திப் போச்சு’ என்ற பயம். ‘ஒருமுறை ஆரம்பிச்சா ஆயுசுக்கும் போடணும்’ என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது வேறு மனதில் ஓடும். விளைவு, இன்சுலின் தொடங்க வேண்டிய நேரத்தில் தொடங்காமல் மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில் தள்ளிப் போடுகிறார்கள். அந்த இடைவெளியில் கண்ணும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன. சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் சேர்ந்து நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. அதனால் இது சின்ன விஷயம் இல்லை.

இந்தச் சூழலில்தான் ஒரு நியாயமான கேள்வி எழுகிறது. சர்க்கரைக்கும் உடல் எடைக்கும் உலகம் முழுக்கப் பேசப்படும் செமாக்ளூடைடு முதலில் ஊசியாகத்தான் வந்தது. 2019 செப்டம்பரில் அதன் மாத்திரை வடிவமான ரைபெல்சஸுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பிறகு இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட இன்சுலினுக்கு ஏன் இன்னும் மாத்திரை இல்லை?

(சிலர் மெட்ஃபார்மின் போன்றவற்றையே ‘இன்சுலின் மாத்திரை’ என்று சொல்வதுண்டு. அவை இன்சுலின் அல்ல. உடலில் ஏற்கெனவே இருக்கும் இன்சுலின் நன்றாக வேலை செய்யவோ, கணையம் கூடுதலாகச் சுரக்கவோ உதவும் வேறு மருந்துகள்.)

வயிற்றுக்கு எல்லாம் சாப்பாடுதான்

1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொரன்டோ பொது மருத்துவமனையில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயது சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போடப்பட்டது. ஊசியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிமையானது. இன்சுலின் ஒரு புரதம். 51 அமினோ அமிலங்கள் கோத்த இரண்டு சங்கிலிகள். நாம் சாப்பிடும் முட்டையும் பருப்பும் வயிற்றில் எப்படி உடைபடுகிறதோ, அப்படித்தான் இன்சுலினும் உடைபடும். இது மருந்து, அது சாப்பாடு என்று இரைப்பைக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அமிலமும் பெப்சின் என்ற நொதியும் முதலில் தாக்கும். தப்பிப் பிழைத்தால் சிறுகுடலில் டிரிப்சின் காத்திருக்கும். அதையும் தாண்டினால் குடல் சுவர். அவ்வளவு பெரிய மூலக்கூறை அது சுலபத்தில் உள்ளே விடாது.

செமாக்ளூடைடும் இன்சுலினைப் போலவே அமினோ அமிலங்களால் ஆனதுதான். அதை மாத்திரையாக்க நோவோ நார்டிஸ்க் நிறுவனம் பயன்படுத்திய வழி ஒரு ‘துணைப் பொருள்’. சுருக்கமாக ஸ்நாக் என்கிறார்கள். ஒவ்வொரு மாத்திரையிலும் 300 மில்லிகிராம் ஸ்நாக் இருக்கிறது. மாத்திரை இரைப்பையில் கரையும்போது, அதைச் சுற்றியுள்ள சிறு இடத்தில் மட்டும் அமிலத்தின் வீரியத்தை இது குறைக்கிறது. பெப்சினின் வேலை மந்தமாகிறது. அந்த நேரத்தில் மருந்து இரைப்பைச் சுவர் வழியாக ரத்தத்துக்குள் நுழைகிறது. வெறும் வயிற்றில், அதிகபட்சம் 120 மில்லி தண்ணீரோடு சாப்பிட்டுவிட்டு அரை மணி நேரம் காபிகூடக் குடிக்கக் கூடாது என்று சொல்வது இதனால்தான். தண்ணீர் கூடினால் ஸ்நாக் நீர்த்துப் போகும். சாப்பாடு இருந்தால் மருந்து இரைப்பைச் சுவரைத் தொடாது.

இத்தனை ஏற்பாட்டுக்குப் பிறகும் ரத்தத்தில் சேருவது சுமார் ஒரு சதவீதம், அல்லது அதற்கும் கீழே. மீதி வீண். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஊசி என்றால் வாரத்துக்கு ஒருமுறை 1 மில்லிகிராம். ரைபெல்சஸ் 14 மில்லிகிராம் மாத்திரை என்றால் தினமும் ஒன்று, அதாவது வாரத்துக்கு 98 மில்லிகிராம். ஊசியைத் தவிர்ப்பதற்காக நூறு மடங்கு மருந்தை விழுங்குகிறோம்.

அதே தந்திரம் இன்சுலினுக்கு ஏன் எடுபடவில்லை?

இங்குதான் சிக்கல். செமாக்ளூடைடு உடலில் பாதியாகக் குறையவே சுமார் ஒரு வாரம் ஆகும். இன்று மாத்திரையிலிருந்து கொஞ்சம் அதிகம் சேர்ந்தாலும், நாளை குறைவாகச் சேர்ந்தாலும், ஒட்டுமொத்தத்தில் சரியாகிவிடும். தவிர, ரத்தச் சர்க்கரை இயல்பாக இருக்கும்போது அந்த மருந்து இன்சுலினைப் பெரிதாகத் தூண்டாது.

இன்சுலினுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு முன் 10 யூனிட் தேவை என்று வைத்துக்கொள்வோம். மாத்திரையில் ஒரு சதவீதம்தான் உடலில் சேரும் என்றால், 1,000 யூனிட்டை மாத்திரைக்குள் வைக்க வேண்டும். ஒருநாள் வயிறு கொஞ்சம் மாறி இரண்டு சதவீதம் சேர்ந்துவிட்டால்? உடலுக்குள் போவது 20 யூனிட். வியர்வை, நடுக்கம், மயக்கம் என்று லோ சுகர் உயிருக்கே ஆபத்தாகலாம். அரை சதவீதம் மட்டும் சேர்ந்தால் 5 யூனிட், சர்க்கரை எகிறிவிடும். டைப் 1 குழந்தைகளுக்கு ஒரு யூனிட், அரை யூனிட் வித்தியாசமே பெரிய விஷயம்.

இது தெரிந்தே நோவோ நார்டிஸ்க் ஒரு முயற்சி செய்தது. ஐ338 என்ற பெயரில், உடலில் நீண்ட நேரம் தங்கும்படி இன்சுலினையே மாற்றி வடிவமைத்து மாத்திரையாக்கியது. அன்றாட ஏற்ற இறக்கம் சமப்பட்டுவிடும் என்பது திட்டம். டைப் 2 நோயாளிகளிடம் 8 வாரம் நடந்த சோதனையின் முடிவு 2019-ல் வெளியானது. கிளார்ஜின் ஊசிக்கு நிகராகச் சர்க்கரை கட்டுப்பட்டது. ஆனாலும் திட்டம் கைவிடப்பட்டது. ஒவ்வொரு மாத்திரைக்கும் தேவைப்பட்ட இன்சுலின் அளவு, வணிக ரீதியாகக் கட்டுப்படி ஆகவில்லை. ஊசி இன்சுலினுக்கே பணம் இல்லாதவர்கள் கோடிக்கணக்கில் இருக்கும் உலகில், ஒரு மாத்திரைக்குள் பல ஊசிகளின் இன்சுலினைக் கொட்டுவது சரியா என்ற கேள்வியும் இதில் இருக்கிறது.

ஓராமெட் என்ற நிறுவனத்தின் இன்சுலின் கேப்ஸ்யூல் மூன்றாம் கட்டச் சோதனை வரை போனது. 2023 ஜனவரியில் முடிவு வந்தபோது, அது எதிர்பார்த்த பலனைக் காட்டவில்லை.

இவ்வளவு தோல்விக்குப் பிறகும் ஏன் விடாமல் முயல்கிறார்கள்? ஊசி வலி மட்டும் காரணமில்லை. கணையம் சுரக்கும் இன்சுலின் முதலில் கல்லீரலுக்குத்தான் போகும். தோலுக்கடியில் போடும் ஊசி அந்த வரிசையை மாற்றிவிடுகிறது. குடல் வழியாகப் போனால் இயற்கையான பாதை திரும்பக் கிடைக்கும்.

மூச்சு வழியாகப் போனால்?

வயிறுதான் பிரச்னை என்றால் நுரையீரல் இருக்கிறதே! காற்றுப் பைகளை விரித்தால் 70 முதல் 100 சதுர மீட்டர் வரை பரப்பு. சுவரோ மிக மெல்லியது. 1925-லேயே ஜெர்மனியில் இன்சுலினைச் சுவாசிக்க வைத்துப் பார்த்தார்கள்.

முதலில் சந்தைக்கு வந்தது ஃபைசரின் எக்ஸுபெரா. 2006 ஜனவரியில் அனுமதி, 2007 அக்டோபரில் மூடுவிழா. நிறுவனம் எழுதித் தள்ளிய தொகை 280 கோடி டாலர். மருந்து வேலை செய்யாமல் இல்லை. கருவி டார்ச் லைட் சைஸுக்கு இருந்தது. ஓட்டலில் சாப்பாட்டுக்கு முன் அதை எடுத்து இழுக்க யாருக்கு மனசு வரும்? அளவும் குழப்பம். யூனிட்டுக்குப் பழகியவர்களுக்கு இது மில்லிகிராமில் வந்தது. மூன்று 1 மில்லிகிராம் பொட்டலமும் ஒரு 3 மில்லிகிராம் பொட்டலமும் சமம் கிடையாது. நோயாளிக்கு மட்டுமல்ல, மருத்துவருக்கே தலைசுற்றும். முன்பு புகைபிடித்த சிலருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டதாக 2008-ல் எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டது.

அடுத்து, மேன்கைண்ட் நிறுவனத்தின் அஃப்ரெஸா. 2014 ஜூனில் அமெரிக்க அனுமதி. உள்ளங்கையில் மறைத்துவிடக்கூடிய சின்ன இன்ஹேலர். 4, 8, 12 யூனிட் என்று நிறம் பிரித்த கார்ட்ரிட்ஜ்கள். சுமார் 12 நிமிடத்தில் வேலையைத் தொடங்கி, ஊசி இன்சுலினைவிடச் சீக்கிரம் அடங்கிவிடும். சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சர்க்கரைக்கு இந்த வேகம் நல்லது. 2024 டிசம்பரில் இந்தியாவிலும் இதை விற்க சிப்லாவுக்கு அனுமதி கிடைத்தது.

‘அப்போ ஊசிக்கு குட்பை’ என்று அந்தச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் உண்டு. அது பாதி உண்மை. அஃப்ரெஸா சாப்பாட்டு நேரத்துக்கான இன்சுலின் மட்டும். டைப் 1 நோயாளிகள் நாள் முழுக்க வேலை செய்யும் இன்சுலினை ஊசியாகவே போட்டாக வேண்டும். ஆஸ்துமா, சி.ஓ.பி.டி போன்ற நாள்பட்ட நுரையீரல் நோய் இருப்பவர்கள் தொடவே கூடாது. மூச்சுக்குழாய் திடீரென்று சுருங்கிவிடலாம். புகைபிடிப்பவர்களுக்கும் பரிந்துரை இல்லை. தொடங்கும் முன்பு, ஆறு மாதத்தில், பிறகு ஆண்டுதோறும் ஸ்பைரோமெட்ரி என்ற மூச்சுப் பரிசோதனை செய்ய வேண்டும். 4 யூனிட், 4 யூனிட்டாகத்தான் கூட்டவோ குறைக்கவோ முடியும்.

ஆமை சொல்லிக் கொடுத்த பாடம்

ஆய்வகத்தில் இருப்பவற்றில் சுவாரஸ்யமானது, அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ராபர்ட் லாங்கர், ஜியோவன்னி டிராவெர்சோ குழு 2019-ல் வெளியிட்ட கேப்ஸ்யூல். சிறுத்தை ஆமை என்ற இனம் கவிழ்ந்தாலும் ஓட்டின் வடிவத்தால் தானே நிமிர்ந்துவிடும். அதே வடிவில் பட்டாணி அளவில் செய்த கேப்ஸ்யூல், வயிற்றில் எப்படி விழுந்தாலும் அடிப்பக்கம் இரைப்பைச் சுவரில் படும்படி உட்காரும். உள்ளே சர்க்கரைத் துண்டு ஒன்று ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருக்கும். அது கரைந்ததும் ஸ்பிரிங் விடுபட்டு, இன்சுலினையே இறுக்கிச் செய்த குட்டி ஊசியைச் சுவருக்குள் செலுத்தும். குத்தும் வலி இரைப்பைக்குத் தெரியாது. ஊசியை ஒழிக்கப் போய் ஊசியையே விழுங்க வைத்துவிட்டார்கள் என்று சிரிக்கலாம்தான். ஆனால், அளவுப் பிரச்னைக்கு நேரடியாகக் கை வைக்கும் வழி இதுதான். பன்றிகளிடம் அப்போது சோதித்தார்கள். வயிறு காலியாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இதற்கும் உண்டு.

இன்று ஊசி போடுபவர்கள் என்ன செய்வது?

டைப் 1 நோயாளி இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களிலேயே, சிலருக்கு ஒரே நாளிலேயே, ரத்தத்தில் அமிலம் ஏறும் கீட்டோஅசிடோசிஸ் வந்து ஐ.சி.யு வரை போக நேரிடும். ‘இன்சுலினுக்குப் பதில் இந்தப் பொடி’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி மருந்தை நிறுத்தக் கூடாது. செமாக்ளூடைடு மாத்திரையும் டைப் 1 நோய்க்கானது அல்ல. டைப் 2 நோயாளிகள் மாத்திரைக்கு மாற விரும்பினால், மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

ஊசி பயத்தால் மட்டும் தள்ளிப் போடுபவர்கள் ஒருமுறை மருத்துவமனையில் இன்சுலின் பென்னைக் கையில் வாங்கிப் பாருங்கள். அப்பா, தாத்தா காலத்தில் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்துப் போட்ட ஊசிதான் பலரின் நினைவில் இருக்கிறது. இப்போது பென்னில் மாட்டும் ஊசியின் நீளம் 4 மில்லிமீட்டர்.