தாத்தாவின் பிடி எத்தனை கிலோ?

காலை எட்டரை மணிக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் நின்று பாருங்கள். டிவிஎஸ் எக்ஸெல்லில் முன்னால் நின்றபடியே பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள் எத்தனை பேர்! ஓட்டுகிறவர் பெரும்பாலும் நம் வயதுக்காரர்தான். கேட்டால் இரண்டு பதில் தயாராக இருக்கும். "மெதுவாத்தான் சார் போறேன்." "நான்தான் கெட்டியாப் பிடிச்சிருக்கேனே."

இரண்டுமே தப்பு. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

முதலில் பிடி. பஸ் டிரைவர் சடாரென்று பிரேக் போட்டால் நாம் முன்னால் போய் விழுகிறோம். யாரும் நம்மைத் தள்ளவில்லை. பஸ் நின்றுவிட்டது, உடம்பு நிற்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் காலத்துப் பாடப் புத்தகத்தில் இதைச் சடத்துவம் என்றார்கள், இப்போது நிலைமம் என்கிறார்கள். மூன்று விதிகளையும் மனப்பாடம் செய்து மார்க் வாங்கியவர்கள்தான் நாம் எல்லோரும். வண்டியில் ஏறியதும் அது பரீட்சைக்கு மட்டும் உரிய சமாசாரமாகிவிடுகிறது.

வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. முன்னால் கல் குவாரி டிப்பர் லாரி திடீரென்று நிற்கிறது. மோதினால் வண்டி அரை மீட்டருக்குள் நிற்கும் என்று வையுங்கள். அதே அரை மீட்டரில் 15 கிலோ குழந்தையையும் நிறுத்த வேண்டுமானால், சுமார் 190 கிலோ எடையைத் தாங்குகிற பலம் வேண்டும். 75 கிலோ நெல் மூட்டை இரண்டரை! கையிரண்டும் ஹேண்டில்பாரில் இருக்க, தாத்தா எதனால் தாங்குவார்? முழங்காலாலா?

அடுத்தது, "மெதுவாத்தான் போறேன்." 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது இருபது அடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 60 என்றால் நாற்பத்தாறு அடி, தென்னை மரத்து உச்சி. வேகம் ஒன்றரை மடங்குதான் கூடியது, உயரமோ இரண்டு மடங்குக்கு மேல் போய்விட்டது.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் இந்த இடத்தில் ஓர் அம்மாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. எமிலி து ஷாத்லே. நியூட்டனின் பெரிய நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தவர். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 1759இல்தான் அது முழுதாக வெளிவந்தது. டச்சுக்காரர் கிராவசாண்ட் பித்தளைக் குண்டுகளை உயரத்திலிருந்து களிமண்ணில் போட்டுப் பார்த்தார். வேகம் இரட்டித்தால் குழி நான்கு மடங்கானது. ஓடும் பொருளின் வலு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று ஷாத்லே 1740இலேயே அச்சில் வாதாடினார். பெரிய பெரிய பண்டிதர்கள் மறுத்தார்கள். களிமண் அவர் பக்கம் இருந்தது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும் ஹெல்மெட். அதற்குக் குறைந்த குழந்தையை ஓட்டுகிறவரோடு வாரால் கட்ட வேண்டும், வேகம் 40ஐத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து இது விதி. ஒன்பது மாதக் குழந்தைக்கே ஹெல்மெட் உண்டு. நம் ஊரில் அந்த வாரை எந்தக் குழந்தையின் இடுப்பிலும் நான் பார்த்ததில்லை. பிள்ளைக்குப் புத்தகப் பை ஆயிரம் ரூபாய்க்கு வாங்குகிறோம், ஹெல்மெட் என்றால் "தலை வேர்க்கும்" என்கிறோம்.

வேறு வழியில்லை, வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும் என்கிறீர்களா? ஹெல்மெட்டைப் போட்டுப் பின்னால் உட்கார வைத்து, 20இல் போங்கள். 190 கிலோ என்று சொன்னேனே, அது 47 கிலோவாக இறங்கிவிடும். பள்ளிக்கூடம் இரண்டு கிலோமீட்டர் என்றால் மூன்று நிமிஷம் கூட ஆகும்.