ஓர் அங்குலத்தில் ஓர் அடி

பெருமையெல்லாம் பேருருவிலேதான் உறைகின்றது என்று எண்ணுவோர் நம்மிடையே பலர். கோபுரத்தை அண்ணாந்து நோக்குவர். அம்மியைக் குனிந்து நோக்கார். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் தேர்களைக் கண்டு வியக்கும் நாம், அத்தேர்களின் வடம் பிடித்த கைகளுக்குச் சோறிட்ட அடுப்படி எவ்வாறு இருந்தது என்று வினவுவதில்லை. அவ்வினாவை எழுப்பவும், அதற்கு விடையாக ஒரு சிறு முயற்சியை முன்மொழியவுமே இக்கட்டுரை எழுந்தது.

அம்முயற்சி யாதெனில், பழைய லயத்து அடுக்களையைச் சிற்றுருவில் அமைத்து வைத்தலாகும். கடையில் விற்கும் பொம்மைச் சாமான்களை வாங்கி அடுக்குவதன்று. அம்மி முதல் அகப்பை வரை ஒவ்வொன்றையும் அளவெடுத்து, அவ்வளவைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சுருக்கிக் கையாலேயே செய்தல். ஓர் அடி ஓர் அங்குலமாகும் இக்கணக்கு உலகெங்கும் வழங்குவது. புதுதில்லியைத் திட்டமிட்ட சிற்பி லட்யன்ஸ், இங்கிலாந்தின் மேரி அரசிக்காக 1924இல் நிறைவேற்றிய பொம்மை மாளிகையும் இதே அளவினதே. அரண்மனைக்கு ஏற்ற கணக்கு லயத்துக்கும் ஏற்றதே.

"இது சிறுபிள்ளை விளையாட்டன்றோ?" என்பர் சிலர். விளையாட்டென்றே கொண்டாலும் இழுக்கில்லை. சிற்றில் இழைத்துச் சிறுசோறு சமைத்த சிறுமியரை நம் புலவர்கள் பாடினர். ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றிலுக்கென ஒரு பருவமே வகுத்தனர். ஆயின் சிற்றுரு விளையாட்டோடு நின்றுவிடுவதன்று, அது சாட்சியுமாகும். எகிப்து நாட்டில் மெக்கெத்ரே என்னும் அதிகாரியின் கல்லறையில் 1920ஆம் ஆண்டு மரத்தாலான சிற்றுருக்கள் பல கண்டெடுக்கப்பட்டன. ஏறத்தாழ நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் தானியம் அளந்தோரும், மாவரைத்தோரும், அப்பம் சுட்டோரும் அவற்றிலே இன்றும் தம் தொழிலைச் செய்துகொண்டிருக்கின்றனர். பேரரசர் தம் வெற்றிகளைக் கல்லிலே பொறித்தனர். ஏவலாளர் அப்பம் சுட்ட முறையை இம்மரப்பாவைகள் காட்டுகின்றன. அமெரிக்காவில் பிரான்சிஸ் கிளெஸ்னர் லீ என்னும் அம்மையார் 1940களில், மரணம் நிகழ்ந்த அறைகளைப் பன்னிரண்டில் ஒரு பங்காக அமைத்துக் காவல்துறையினருக்குத் தடயம் காணப் பயிற்சி அளித்தார். அவற்றுள் சமையலறையும் ஒன்று. சிறிய பொருள் பொய் சொல்லாதிருக்குமாயின் பெரிய உண்மையைத் தாங்கும் என்பதற்கு இவை சான்று.

இனி நம் ஊருக்கு வருவோம். கோப்பிக் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய மக்கள், காடு கடந்து கால்நடையாக வந்து சேர்ந்த வாயில் மாத்தளையே. வழியிலேயே நோய்க்கும் பசிக்கும் மாண்டோர் எண்ணிறந்தோர். அவ்வருகையின் இருநூறாம் ஆண்டை ஒட்டி, 2023 ஜூலை 28ஆந் தேதி தலைமன்னாரில் தொடங்கிய நினைவு நடைபயணம் ஆகஸ்ட் 12ஆந் தேதி மாத்தளையில் நிறைவுற்றது. பாதை நினைவுகூரப்பட்டது, நன்று. பாதையின் முடிவில் மூட்டிய அடுப்பு?

தேயிலை இயந்திரங்களுக்கு நூதனசாலை உண்டு. கண்டி, ஹந்தானையில் 1925இல் எழுந்த தொழிற்சாலையே 2001இல் அதற்கு இல்லமாயிற்று. தொழிலாளர் வாழ்வுக்கும் கம்பளைப் பகுதியின் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் 2007இல் ஒரு நூதனசாலை தோன்றியது. ஆயினும் தோட்டத்துக்குத் தோட்டம் வாழ்வு வேறுபடும். தேயிலையும் இறப்பரும் கொக்கோவும் மிளகும் விளையும் மாத்தளை மாவட்டத்துக்கு அதற்கே உரிய அடுப்படிகள் உண்டு. அவை இன்னும் எழுதப்படவில்லை.

லயக் காம்பராவின் பழைய வழக்கமான அளவு 10 அடிக்கு 12 அடி. நம் கணக்கில் அது 10 அங்குலத்துக்கு 12 அங்குலப் பலகை. ஐந்தடிப் பெண் ஐந்தங்குலப் பாவையாவாள். இப்பலகையில் அறுவரைப் படுக்க வைத்துப் பாருங்கள். பின் அரிசிப் பானைக்கும், தகரப் பெட்டிக்கும், கொழுந்துக் கூடைக்கும் இடம் தேடுங்கள். விசாரணைக் குழுக்களின் அறிக்கைகள் பக்கம் பக்கமாக உரைத்தும் உள்ளத்தில் ஏறாத ஒன்று, அப்பொழுது விரல் நுனியிலே உணரப்படும். அடுப்பு முன்புறத்து இஸ்தோப்புக்கு ஏன் போயிற்று என்பதும் விளங்கும்.

செய்முறையும் அரிதன்று, பொறுமையே முதல். குழவிக்குச் சிலேட்டுக் குச்சியின் முக்கால் அங்குலத் துண்டு போதும். அம்மிக்கு மெய்யான கருங்கல் உதவாது. கல்லைச் சுருக்கலாம், கல்லின் மணியைச் சுருக்கவியலாது. மென்மையான கல்லைச் செதுக்கி நிறமேற்றுதலே தகும். கூரைத் தகரத்தின் நெளிவுக்கு நெளிவு மூன்றங்குலமாயின், சிற்றுருவில் கால் அங்குலம். பென்சில்களை நெருக்கி அடுக்கி, அவற்றின்மேல் ஈயத்தாளை அழுத்தி எடுத்தால் அது கிட்டும். விறகுக்குத் தீக்குச்சியை முறித்துப் போடுவோர் உளர்; அது தவறு. தோட்டத்து அடுப்பில் எரிந்தது சதுரமாக அறுத்த மரமன்று. கவ்வாத்து வெட்டிய தேயிலை மிலாறு. அச்செடியின் நுனிக் குச்சிகளே சிற்றுருவுக்குப் பொருந்தும். துணி தன் கனத்தால் தொங்குமாறு சிறு துணி தொங்காது. மெல்லிய தாளை நனைத்து மடிப்பிட்டு உலர்த்த வேண்டும். நீரும் நெருப்பும் எக்கணக்குக்கும் அடங்கா. குடத்து நீருக்குத் தெளிந்த பசை. அடுப்புத் தீக்கோ அணைந்த சாம்பலே போதும்.

இவையனைத்தினும் முதன்மையானது கரி. சிற்றுரு செய்வோருக்கு அழகின்மேல் ஓர் ஆசை உண்டு. சுவருக்கு வெள்ளை பூசி, பித்தளையைப் பொன்போல் துலக்கி, காண்போர் "ஆகா" என்று மகிழும்படி அமைத்துவிடுவர். அவ்வாறு அமைந்த லயம் பொய் லயம். புகைபோக்கி இல்லாத இடத்தில் புகை எங்கே படியும்? அடுப்புக்கு நேர்மேலே கன்னங்கரேலென்றும், விலக விலகப் பழுப்பாகவும் படியும். நாட்காட்டி தொங்கிய இடம் மட்டும் வெளிறியிருக்கும். அக்கரியே ஒரு தாயின் இருமலுக்கும் எரியும் கண்ணுக்கும் எஞ்சிய ஏடு. அதைத் துடைத்துவிட்டு அவளைப் போற்றுகிறோம் என்பது பொருந்துமா?

மற்றொரு மறுப்பு கனமானது. "இழிவையும் இடுக்கையும் நாம் மறக்க முயல்கிறோம், நீரோ கண்ணாடிப் பேழையில் வைக்கச் சொல்கிறீர்" என்று இளைஞர் சிலர் சினப்பர். அச்சினம் நியாயமானது. லயம் காக்கப்பட வேண்டியதன்று, இடிக்கப்பட வேண்டியது. நிலத்தோடு தனிவீடு பெறுதல் நம் மக்களின் உரிமை. ஒரு லயமேனும் நினைவுச் சின்னமாக நிற்கட்டும் என்று குடியிருப்போரை அங்கேயே இருத்திவைத்தல் கொடுமை. அதனாலேயே சிற்றுரு வேண்டும் என்கிறேன். பெரியது இடிந்து போவதற்கு முன் சிறியது எழுந்துவிட வேண்டும். மேலும், அவ்வடுப்படியில் இருந்தது இழிவு மாத்திரமன்று. விடியுமுன் எழுந்து, பிரட்டுக்குப் போகுமுன் ரொட்டி தட்டிச் சம்பல் அரைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டிய திறன் அங்கே இருந்தது. இல்லாமையை நிரவிப் பங்கிட்ட கணக்கும் அங்கே இருந்தது. சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தொகுத்து அளித்ததால் அவர்தம் குரல் எஞ்சிற்று. அப்பாடல் எழுந்த அடுப்பங்கரை எஞ்சவில்லையே!

ஆகவே மாவட்டத்துத் தமிழ்ப் பாடசாலை ஒவ்வொன்றும் ஓர் அடுக்களையைச் செய்யட்டும். மாணவர் அளவுகோலோடு பாட்டிமாரிடம் செல்லட்டும். "அம்மி எந்த மூலையில் இருந்தது? பரணில் என்ன காய்ந்தது? பீலித் தண்ணீர் எதில் நிறைந்தது?" என்று கேட்கட்டும். சமூகக் கல்வியும், கணக்கும், கைப்பணியும் ஒரே பாடமாகும். இதே மாவட்டத்தில் பல்லேஹாப்புவிட என்னும் சிங்களக் கிராமத்தார், அரக்கை நூலாக இழுத்து நகத்தாலேயே கோலம் பதிக்கும் நுண்தொழிலைத் தலைமுறைகளாகக் காத்து வருகின்றனர். அவர்களிடம் நம் பிள்ளைகள் கைந்நுட்பம் கற்கட்டும். நம் அடுப்படியின் கதையை அவர்களுக்குச் சொல்லட்டும். அயலாரை அறிதற்கு அவர்தம் அடுக்களையினும் சிறந்த வாயில் வேறில்லை.

காலம் குறுகியது. அளவு சொல்லக்கூடிய பாட்டிமார் ஆண்டுதோறும் குறைகின்றனர். தம் சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென்று சிறுமியர் தலைவனிடம் வேண்டுவதாகப் புலவர் பாடினர். நாம் காலத்தை நோக்கி வேண்டுவோம்: லயங்கள் விழட்டும், அவற்றின் அடுப்படியை அறிந்தோர் மறையுமுன் நம் பிள்ளைகள் சிற்றில் இழைத்து முடிக்கட்டும்.